மணியும் முறையும்: நேரச்சொற்களின் தமிழாக்கம் – பிரெஞ்சு ஒப்பீட்டு நோக்கில்

திறவுச்சொற்கள்: மணி, நாழிகை, ஓரை, முறை, ஷிப்டு, மிகைநேரம், கலைச்சொல்லாக்கம், திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில்

முன்னுரை

ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்க்கக் கற்போர் தொடக்கத்திலேயே இடறும் இடங்களுள் ஒன்று கடிகாரம். ‘ஹவர்’, ‘ஓகிளாக்’ என ஆங்கிலம் பிரித்து வழங்கும் இரண்டையும் பிரெஞ்சு ‘எர்’ என்னும் ஒரே சொல்லில் அடக்குகிறது. ‘தெஸ் எர்’ என்றால் இரண்டு மணி என்றும் பொருள், இரண்டு மணி நேரம் என்றும் பொருள். கருவியின் பெயரிலோ நிலைமை தலைகீழாகிறது. ஆங்கிலம் ‘கிளாக்’ என ஒன்றாகச் சொல்வதைப் பிரெஞ்சு, கோபுரத்தில் இருப்பின் ‘ஓர்லோஜ்’ என்றும், வீட்டுச் சுவரிலோ மேசையிலோ இருப்பின் ‘பாந்த்யூல்’ என்றும் பிரிக்கிறது. ஒரு மொழி பிரிக்கும் இடத்தில் மற்றொரு மொழி சேர்க்கிறது என்பது ஒப்பீட்டு மொழியியலின் பழைய பாடம். அப்பாடத்தைக் கற்பிக்க நேரச்சொற்களைப் போல எளிய களம் வேறில்லை.

தமிழும் இதே ஆங்கிலச் சொற்களை எதிர்கொண்டது. அவற்றுள் சிலவற்றைப் பிரெஞ்சைவிடத் திறம்படக் கையாண்டது. ஒரு சொல்லை மட்டும் மொழிபெயர்க்காமலே விட்டுவிட்டது. அச்சொல் ‘ஷிப்டு’. உடுமலைப்பேட்டை முதல் திருப்பூர் வரையிலான பஞ்சாலை, பின்னலாடை வட்டாரத்தில் மிகுதியாக ஒலிக்கும் நேரச்சொல் அதுவே. கூலியும் அதனாலேயே கணக்கிடப்படுகிறது. மொழிபெயர்க்கப்படாத இவ்வொரு சொல்லினுள் எவ்வெப் பொருள்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன்னர், தமிழ் வெற்றிபெற்ற இடங்களைக் காண்பது தேவையாகிறது.

மணி: ஓசையிலிருந்து அளவைக்கு

‘மணி’ என்பது முதலில் ஒலிக்கும் பொருள். மணியடித்து நேரம் அறிவிக்கும் வழக்கத்தால் அடிக்கப்பட்ட மணியே அறிவிக்கப்பட்ட நேரத்துக்கும் பெயராயிற்று. ஆங்கிலக் ‘கிளாக்’ என்னும் சொல்லும் இவ்வாறே தோன்றியது. இடைக்கால இலத்தீனில் மணியைக் குறித்த சொல் அதன் மூலம்; அதே மூலத்திலிருந்து பிறந்த பிரெஞ்சுச் சொல்லாகிய ‘க்ளோஷ்’ இன்றும் மணியையே குறிக்கிறது. ஆக, மணியோசை ஆங்கிலத்தில் கருவியின் பெயராயிற்று, தமிழில் அளவையின் பெயராயிற்று, பிரெஞ்சில் மணியாகவே நின்றுவிட்டது. கோவை நகரமண்டபப் பகுதியில் நிற்பது போன்ற கடிகாரக் கோபுரங்களைத் தமிழர் ‘மணிக்கூண்டு’ என்றே அழைக்கின்றனர். இலங்கைத் தமிழில் கடிகாரமே ‘மணிக்கூடு’ ஆகிறது.

பிரெஞ்சு ‘எர்’, ஆங்கில ‘ஹவர்’ இரண்டும் கிரேக்க ‘ஹோரா’வின் வழிவந்தவை. அதே கிரேக்கச் சொல் வடமொழி வழியாகத் தமிழுக்கு ‘ஓரை’ என வந்தது என்பது எஸ். வையாபுரிப் பிள்ளையின் கருத்து. தொல்காப்பியத்தில் இச்சொல் பயின்று வருவதைக் கொண்டு அந்நூலின் காலத்தைப் பின்தள்ள அவர் முனைந்தார். ஓரை தமிழ்ச்சொல்லே என மறுத்தோரும் பலர். அவ்விவாதத்தில் நுழைவது இங்கு நோக்கமன்று. நம் பொருளுக்கு வேண்டுவது ஒன்றே: ஐரோப்பிய அளவையாகிய ஒரு மணி நேரத்துக்குப் பெயர் வைக்க நேர்ந்தபோது, அதே அளவைக்குச் சோதிடத்தில் வழங்கிவந்த ஓரையைத் தமிழர் எடுக்கவில்லை. சந்திர ஓரை, குரு ஓரை எனப் பஞ்சாங்கத்திலேயே அது தங்கிவிட்டது. மக்கள் காதால் கேட்டதைப் பெயராக்கினர். அகராதியில் ஆயத்தமாக இருந்த சொல்லைப் புறந்தள்ளி வழக்கு தன் சொல்லைத் தானே தேர்ந்துகொண்டதற்கு இஃது ஒரு நல்ல சான்று.

இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர்களிடம் துபாசியாகப் பணியாற்றிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் மணிக் கணக்கும் நாழிகைக் கணக்கும் அருகருகே பயின்று வருகின்றன. பிரெஞ்சு எர் தமிழ் மணியாக மாறிய வாயில்களுள் ஒன்று அந்நாட்குறிப்பு எனலாம். ஒரு நாளை 24ஆகப் பகுக்கும் கணக்கும் 60ஆகப் பகுக்கும் கணக்கும் ஒரே மனிதரின் எழுத்தில் உடனுறைந்தன. எது எங்கு வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நாழிகை 24 நிமிடம். நாழி என்பதன் அடிப்பொருள் உட்டுளையுடைய குழல். நீரோ மணலோ வடிந்து அளந்த கலத்தால் அது நேர அளவாயிற்று. முல்லைப்பாட்டில் பாசறையிலிருந்து பொழுதறிவிப்போர் நோக்கிய கன்னலும் நீர்க்கடிகையே. நெசவாளர் கையிலிருந்த நாடாவுக்கும் ‘நாழி’ என ஒரு பெயர் உண்டு. அதுவும் குழல் வடிவுடையது என்பதால். நூல் வட்டாரத்திலிருந்து எழுதுவோர்க்கு இதைக் குறிப்பிடாமல் கடக்க மனம் வராது.

பழைய சொற்களுள் சில புதிய அளவைக்குப் பெயர்ந்தன. நாழிகையின் அறுபதில் ஒரு பங்காகிய விநாடி, பழங்கணக்கில் 24 செகண்டு. இன்று அதே சொல் ஒரு செகண்டைக் குறிக்கிறது. பழைய பஞ்சாங்கத்தையோ சோதிடச் சுவடியையோ பதிப்பிப்போர் இதை மறந்தால் கணக்கு 24 மடங்கு பிழைபடும். இலங்கை வழக்கு இச்சிக்கலைத் தவிர்க்கச் ‘செக்கன்’ என்றே வைத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் ‘நொடி’யும் வழங்குகிறது.

இனி, பிரெஞ்சு இடறும் இடத்துக்கு வருவோம். நேரப்புள்ளியையும் நேர அளவையும் பிரெஞ்சு சொல்லால் பிரிப்பதில்லை. முன்னிடைச் சொற்களாலும் சூழலாலும் பிரித்துணர்த்துகிறது. தமிழ், ‘நேரம்’ என்னும் பின்னொட்டுச் சொல்லால் தெளிவாகப் பிரித்துவிடுகிறது. ‘இரண்டு மணிக்கு வா’ என்பதற்கும் ‘இரண்டு மணி நேரத்தில் வா’ என்பதற்கும் குழப்பமில்லை. ‘எட்டு மணிக்குள் முடி’ என்றால் ஒரு கெடு; ‘எட்டு மணி நேரத்துக்குள் முடி’ என்றால் வேறொரு கெடு. இலங்கைத் தமிழ் மேலும் ஒரு படி சென்று, அளவைக்கு ‘மணித்தியாலம்’ எனத் தனிச்சொல்லே வழங்குகிறது. புள்ளி வேறு, அளவு வேறு என்னும் தெளிவு தமிழர் பேச்சில் இயல்பாகவே உள்ளது. பின்வரும் வாதத்துக்கு இதுவே அடிப்படை.

முள், கை, ஊசி

கடிகார உறுப்புகளின் பெயர்களை விரைவாகக் கடந்து செல்லலாம். எனினும் ஒன்றிரண்டு சுவையானவை. ஆங்கிலக் கடிகாரத்துக்குக் கைகள் உண்டு. பிரெஞ்சுக் கடிகாரத்துக்கு இருப்பவை ஊசிகள். தமிழ்க் கடிகாரத்துக்கு முட்கள். ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் கடிகாரத்துக்குக் கை முளைக்க வைத்துவிடுவார். தமிழில் அவ்வாறு எழுதினாலும் நகைப்புக்கு இடமாகும். முள் சுழலும் திசையைப் பிரெஞ்சு ‘கடிகார ஊசிகளின் திசை’ என்கிறது. நம் பள்ளிப் பாடநூல்களில் வரும் ‘கடிகார முள் சுழலும் திசை’ ஏறத்தாழ அதுவே. ஆனால் தமிழுக்குக் கடிகாரத்தின் துணையே வேண்டாத ‘வலஞ்சுழி’ முன்பே இருந்தது. சங்கைப் பார்த்தவர்க்குக் கடிகாரம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கடிகாரம் தமிழில் ஓடுகிறது, பிரெஞ்சில் நடக்கிறது. காலேமுக்கால் கணக்கிலும் ஒரு வேறுபாடு உண்டு. மூன்று மணிக்குக் கால் மணி நேரம் இருக்கையில் பிரெஞ்சு ‘மூன்றில் கால் குறைய’ எனக் கழிக்கிறது. தமிழ் ‘இரண்டே முக்கால்’ எனக் கூட்டுகிறது. கால், அரை, முக்கால் என்னும் பின்னச் சொற்கள் தமிழர் நாவில் மிக இயல்பானவை: இரண்டரை மணி, ஒன்றரைப் படி, ஒன்றரை ஏக்கர். இவ்வியல்பே ஆலை வாயிலில் ‘ஒன்றரை ஷிப்டு’ ஆயிற்று.

ஒன்றரை ஷிப்டு

மணியோசை நேரத்துக்குப் பெயரானது போலவே, பஞ்சாலைகள் பெருகிய கோவை, உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் ஆலைச் ‘சங்கு’ நேரத்தின் குரலாயிற்று. நீராவியோ மின்சாரமோ ஊதிய அக்கருவிக்கும் மக்கள் சங்கு என்றே பெயரிட்டனர். சங்கொலி பிரித்த பொழுதுக்கு மட்டும் ஆங்கிலப் பெயர் நிலைத்துவிட்டது. முதல் ஷிப்டு, இரண்டாம் ஷிப்டு, மூன்றாம் ஷிப்டு என 24 மணி நேரத்தை மூன்றாக வெட்டியது ஆலை. அதில் ஒரு பங்கு 8 மணி நேரம், பழங்கணக்கில் 20 நாழிகை. இரண்டு சிறுபொழுதுகள் சேர்ந்தால் இதே அளவு.

ஆலையில் ஷிப்டு என்பது தொழிலாளர் குழுக்கள் மாறிமாறி வரும் ஒழுங்கு. ஒருவர் இறங்க, மற்றொருவர் அதே எந்திரத்தின் முன் நிற்பார். ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருளும் மாறுதலே. பின்னலாடை நிறுவனங்களில் இப்பொருள் நழுவியது. தையல் கூடங்களில் டெய்லரோ, கைமடியோ, செக்கிங் செய்பவரோ இறங்கும்போது அவரிடத்துக்கு வேறொருவர் வருவதில்லை, அவரே நீடிக்கிறார். காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடிந்தால் ஒரு ஷிப்டு. இரவு எட்டு, எட்டரை என நீண்டால் ஒன்றரை ஷிப்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் நேரம் சற்று மாறுபடும்; சொல் மாறுவதில்லை. ‘இந்த வாரம் எத்தனை ஷிப்டு?’ என்று கேட்டால் ‘ஒன்பது’ என விடை வரும். வாரத்தில் ஆறு நாள்களே வேலை செய்தவர் சொல்லும் விடை அது. மாறுதலைக் குறித்த சொல் இங்கு மாறாமையைக் குறிக்கிறது. வரிசையைக் குறித்த சொல் கூலியின் அலகாகிவிட்டது.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்புச் சிக்கல் சட்டச் சிக்கலாகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வேலைநேரம் பற்றி மூன்று வெவ்வேறு கருத்துகளை வகுத்தது. முதலாவது, உண்மையாக வேலை செய்யும் நேரம்: நாளொன்றுக்கு 9 மணி நேரமும் வாரத்துக்கு 48 மணி நேரமும் அதன் எல்லைகள். இரண்டாவது, இடைவேளைகளையும் உட்படுத்தி, வேலை தொடங்குவதிலிருந்து முடிவது வரை நீளும் மொத்த நேரம்: அச்சட்டத்தின் 56ஆம் பிரிவு இதற்கு 10½ மணி நேரம் என எல்லை வைத்து, தலைமை ஆய்வாளர் காரணங்களை எழுத்தில் குறித்து 12 மணி நேரம் வரை நீட்டிக்க இடமளித்தது. மூன்றாவது, மிகைநேரம்: முதல் எல்லையைக் கடந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 59ஆம் பிரிவின்படி இருமடங்கு ஊதியம்.

‘ஷிப்டு’ என்னும் சொல் இம்மூன்றையும் ஒன்றாக விழுங்கிவிடுகிறது. காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை என்பது மொத்த நீட்சியில் 12 மணி நேரம். அதில் உணவு, தேநீர் இடைவேளைகளைக் கழித்தால் வேலைநேரம் வேறு. அவ்வேலைநேரத்தில் மிகைநேரம் எவ்வளவு என்பது இன்னொரு கணக்கு. ‘ஒன்றரை’ என்ற விடை இவற்றுள் எதற்கும் விடையன்று.

இதிலும் முதன்மையானது ‘அரை’ என்னும் பின்னச்சொல்லின் வேலை. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதை விளக்கும். 8 மணி நேர ஷிப்டுக்குக் கூலி 600 ரூபாய் என வைத்துக்கொள்வோம். மணி நேரத்துக்கு 75 ரூபாய். அரை ஷிப்டு என்பது இடைவேளை நீங்கலாக 4 மணி நேரம் என்றால், ‘அரை’ என்ற சொல்லின்படி கூலி 300 ரூபாய். ஆறு நாள் 8 மணி நேரம் உழைத்து 48 மணி நேரத்தை நிறைவு செய்யும் ஒருவருக்கு அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு மணி நேரமும் மிகைநேரம். மணி நேரத்துக்கு 150 ரூபாய் வீதம் அந்த 4 மணி நேரத்துக்கு 600 ரூபாய். அதாவது, சட்டத்தின் கணக்கில் அரை ஷிப்டின் கூலி ஒரு முழு ஷிப்டின் கூலி. அரை ஷிப்டு 3 மணி நேரமே என்றாலும் 450 ரூபாய் வரும். ‘அரைக்கு அரை’ என்பது கேட்பதற்கு முற்றிலும் நியாயமாகத் தோன்றுகிறது; ஒன்றரைப் படி அரிசிக்கு ஒன்றரை மடங்கு விலை கொடுப்பதில் யாருக்கு ஐயம் வரும்? ஐயம் எழாமற் செய்வதே அச்சொல்லின் ஆற்றல்.

ஆங்கில ‘ஓவர்டைம்’ என்பதில் எல்லை கடத்தல் என்னும் பொருள் வெளிப்படை. பிரெஞ்சில் அது ‘எர் சுப்ளெமான்தேர்’, அதாவது மேற்பட்ட மணி நேரங்கள். நம் அலுவல் வழக்கின் ‘மிகைநேரம்’, இலங்கையின் ‘மேலதிக நேரம்’ ஆகியவற்றிலும் மிகுதி ஒலிக்கிறது. ‘ஒன்றரை ஷிப்டு’ என்பதில் மட்டும் மிகுதியே இல்லை. அரை, ஒன்றோடு இயல்பாகச் சேர்ந்து ஒன்றரை ஆகிவிடுகிறது; கடக்கப்பட்ட எல்லை சொல்லில் தென்படுவதில்லை.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில், வேலைநேர எல்லைகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்க வழிசெய்யும் திருத்த மசோதா நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பை இங்கு நினைவுகூரலாம். நாளிதழ்களும் தொழிற்சங்கங்களும் அதை ‘12 மணி நேர வேலை மசோதா’ என்றே குறித்தன. மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். ‘12 மணி நேரம்’ என்னும் தொடர் மாநிலத்தையே அதிரச் செய்த அதே நாள்களில், ஏறத்தாழ அதே நீட்சியுடைய வேலைநாள் இவ்வட்டாரத்தில் ‘ஒன்றரை ஷிப்டு’ என்னும் பெயரில் எவ்வித அதிர்வுமின்றி வழங்கிவந்தது. ஒன்று மணியால் எண்ணப்பட்டது, மற்றொன்று ஷிப்டால் எண்ணப்பட்டது. வேலையின் கடுமையை மட்டும் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்க இயலாது. எண்ணும் சொல்லுக்கும் அதில் பங்குண்டு என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

புதுச்சேரி வழி ஓர் ஒப்பீடு

தமிழ்த் தொழிலாளர் நேரத்தை மணியால் எண்ணிப் போராடிய வரலாறு பிரெஞ்சிந்தியாவில் உண்டு என்பதால் இங்குப் பிரெஞ்சு ஒப்பீடு பொருந்துகிறது. புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர் வ. சுப்பையா போன்றோர் தலைமையில் எட்டு மணி நேர வேலைநாளைக் கோரிப் போராடினர். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் பிரெஞ்சுக் காவற்படையின் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு பிரெஞ்சிந்தியாவுக்கெனத் தொழிலாளர் சட்ட ஆணை பிறந்தது. அக்கோரிக்கையின் பெயர் ‘ஒரு ஷிப்டு’ அன்று. ‘எட்டு மணி நேரம்’.

பிரெஞ்சுத் தொழிலுலகச் சொற்களும் கூர்ந்து நோக்கத்தக்கவை. ஆங்கில ‘ஷிப்டு’ ஒன்றை அது மூன்றாக உடைக்கிறது. உடன் வேலை செய்யும் குழு ‘எகிப்’. ஒருவர் நிற்கும் பணியிடமும் அவர் பணிக்காலமும் ‘போஸ்த்’. நாளை மூன்று எட்டுகளாகப் பகுக்கும் ஏற்பாடு ‘த்ருவா உயித்’, அதாவது ‘மூவெட்டு’. இம்மூன்றாவது சொல்லில் மணிக் கணக்கு உள்ளேயே பதிந்திருக்கிறது. எட்டைக் கடந்தால் சொல்லே பொய்த்துவிடும். சட்டத்தின் இரண்டாவது கருத்தாகிய மொத்த நீட்சிக்கும் பிரெஞ்சில் தனிச்சொல் உண்டு: ‘ஆம்ப்லித்யூத்’. நம் இயற்பியல் பாடநூல்களில் ‘வீச்சு’ எனப் பெயர்க்கப்படும் அதே சொல். நேரப்புள்ளியையும் அளவையும் பிரிக்கத் தடுமாறிய மொழி, உழைப்பு நேரத்தைப் பிரிப்பதில் இவ்வளவு நுண்மை காட்டுவது வியப்பளிக்கிறது. தமிழ் இதற்கு நேர்மாறு.

முறை: வயலில் இருக்கும் சொல்

ஷிப்டுக்குத் தமிழில் சொல்லில்லை என்பதன்று. ‘பணிமுறை’ என அலுவல் வழக்கு உண்டு. அது தட்டச்சிட்ட தாளைவிட்டு வெளியே வரவில்லை. ஆனால் அதன் பின்பாதியாகிய ‘முறை’ உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் உயிர்ப்புடன் இருக்கிறது, ஆலையில் அன்று, வாய்க்காலில். திருமூர்த்தி அணையிலிருந்து பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்ட நீர் மண்டலம் மண்டலமாகப் பிரித்து விடப்படுகிறது. வாய்க்காலிலும் பங்குக் கிணற்றிலும் உழவர்கள் முறை வைத்தே நீர் பாய்ச்சுகின்றனர். ‘ராத்திரி நம்ம முறைங்க’ என்று ஒருவர் சொன்னால், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு மடை மாறும் என்பது கேட்பவர்க்குத் தெரியும். அதில் மூன்று கூறுகள் தெளிவாக உள்ளன: ஒருவரை அடுத்து ஒருவர் என்னும் வரிசை, தொடக்கமும் முடிவும் குறித்த நேரம், அதைக் கடந்தால் அது அடுத்தவருடையது என்னும் உரிமை. ஒன்றரை முறை நீர் பாய்ச்சினேன் என எவரும் சொல்வதில்லை; சொன்னால் அடுத்த வயல்காரர் கேள்வி கேட்பார்.

ஆகவே கலைச்சொல்லாக்கத்தில் ‘முறை’ என்பதை ஷிப்டுக்கு நேராக வைப்பதில் தடையில்லை எனத் தோன்றலாம். ஒரு தடை உண்டு. மூன்று முறை சொன்னேன் என்கையில் அது தடவையைக் குறிக்கும். முறைப்பெண், முறைமாமன் என்கையில் உறவைக் குறிக்கும். வேலையிடத்தில் குழப்பம் நேராதிருக்க ‘வேலைமுறை’ அல்லது ‘பணிமுறை’ எனக் கூட்டிச் சொல்லலாம். குழுக்கள் மாறும் ஆலைகளுக்கு மட்டுமே அச்சொல் பொருந்தும் என்பதையும் வரையறுத்தல் வேண்டும். குழு மாறாமல் ஒருவரே நீடிக்கும் தையல் கூடத்துக்கு முறை என்ற சொல்லே பொருந்தாது. அங்குத் தேவைப்படுவது மணி.

சட்டத்தின் மூன்று கருத்துகளுக்கும் ‘வேலைநேரம்’, ‘வேலைநாள் வீச்சு’, ‘மிகைநேரம்’ என்னும் சொற்களை இக்கட்டுரை முன்மொழிகிறது. இரண்டாவதற்குப் ‘பரவுநேரம்’ என ஆங்கிலத்தை அடியொற்றியும் ஆக்கலாம். நேரம் பரவுகிறது என்பது தமிழ்ச் செவிக்கு ஒட்டவில்லை. வீச்சு என்பதற்கோ வாள்வீச்சு, கைவீச்சு எனத் தொடக்கமும் முடிவும் கொண்ட நீட்சிப் பொருள் பேச்சிலேயே உண்டு. இவற்றைப் பேச்சில் திணிக்க இயலாது, வேண்டியதுமில்லை. ஷிப்டு என்ற சொல்லைத் தொழிலாளர் நாவிலிருந்து அகற்றும் தூய்மை நோக்கும் இக்கட்டுரைக்கு இல்லை. கூலி ஒப்பந்தங்களின் தமிழ்ப் படிகளிலும், ஊதியச் சீட்டிலும், வருகைப் பதிவேட்டிலும் ‘ஷிப்டு 9’ என ஒரே கட்டத்தில் எழுதப்படும் இடத்தில், வந்த மணி, சென்ற மணி, இடைவேளை, வேலைநேரம், மிகைநேரம் என ஐந்து கட்டங்கள் இருப்பின், முதல் இரண்டு கட்டங்களைப் பார்த்து மற்ற மூன்றையும் தொழிலாளரே சரிபார்த்துக்கொள்ள முடியும். முதலிரு கட்டங்களில் வருபவை நேரப்புள்ளிகள், ஏனையவற்றில் வருபவை நேர அளவுகள். தமிழ் பேசும் எவரும் ‘மணி’க்கும் ‘மணி நேர’த்துக்கும் இடையே பயிற்சியின்றியே காணும் வேறுபாடு அது.